ரிட்டயர் ஆன அப்பாவுக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம்? யூ த்ரீ ஏ பற்றி ஒரு எபிசோடு

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னிக்கு கோடிங் இல்ல, இன்டர்வியூ டிப்ஸ் இல்ல. கொஞ்ச நாளா இன்பாக்ஸ்ல ஒரே மாதிரி கேள்வி வந்துட்டே இருக்கு. "ப்ரோ, அப்பா ரிட்டயர் ஆயிட்டார். நாள் முழுக்க டிவி, இல்லன்னா வாட்ஸ்அப் ஃபார்வர்டு. அம்மாவோட தினம் ஒரு சண்டை. நான் பெங்களூர்ல இருக்கேன். அவருக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம்?" டேப்லெட்டா, ஸ்மார்ட் வாட்ச்சா, ஆன்லைன் கோர்ஸான்னு ஆப்ஷனும் அவங்களே கொடுத்துடறாங்க.

என் பதில், எதுவும் வாங்காதீங்க. அவர் யாருக்காவது தேவைப்படற மாதிரி ஒரு ஏற்பாடு பண்ணுங்க. இதை நாப்பது வருஷமா பெரிய அளவுல செஞ்சுட்டிருக்கற ஒரு அமைப்பு இங்கிலாந்துல இருக்கு. ஆன்சைட்ல ரெண்டு வருஷம் அங்க இருந்தப்போ பக்கத்துல இருந்து பார்த்தேன். பேரு யூ த்ரீ ஏ. விரிச்சுச் சொன்னா யுனிவர்சிட்டி ஆஃப் தி தேர்டு ஏஜ், மூன்றாம் பருவத்தின் பல்கலைக்கழகம்.

பேரைக் கேட்டுட்டு கேம்பஸ், அட்மிஷன்னு யோசிக்காதீங்க. நான் பார்த்த யூ த்ரீ ஏ ஒரு சர்ச்சோட பின்பக்க ஹால்ல நடந்துச்சு. மடக்கு நாற்காலி, பெரிய டீ பாய்லர், தட்டுல பிஸ்கட். முடிஞ்சதும் எழுபது வயசுக்காரங்களே நாற்காலியை மடக்கி சுவத்தோரம் அடுக்கி வெச்சுட்டுப் போவாங்க. அவ்ளோதான் பல்கலைக்கழகம்.

இது தொடங்கினது பிரான்ஸ்ல. 1973, துலூஸ் நகரம். பியர் வெல்லாஸ்னு ஒரு பேராசிரியர், வயசானவங்களுக்காகப் பல்கலைக்கழகத்தோட கதவைத் திறந்து விட்டார். அங்க பேராசிரியர்கள் பாடம் நடத்துவாங்க, ஓய்வு பெற்றவங்க வந்து கேட்பாங்க. நல்ல விஷயம்தான். ஆனா 1981, 82 வாக்குல இது கேம்பிரிட்ஜுக்கு வந்தப்போ, அங்க மூணு பேர் இதைத் தலைகீழா மாத்திட்டாங்க. மக்கள்தொகை வரலாற்றை ஆராய்ஞ்ச பீட்டர் லாஸ்லெட், கல்வியாளர் எரிக் மிட்வின்டர், அப்புறம் மைக்கேல் யங். யங் யாருன்னா, பிரிட்டனோட ஓப்பன் யுனிவர்சிட்டி யோசனைக்குப் பின்னாடி இருந்தவங்கள்ல ஒருத்தர். நாம லிங்க்ட்இன்ல அள்ளி வீசற 'மெரிட்டோக்ரசி' என்ற வார்த்தையைப் பிரபலமாக்கினவரும் அவர்தான். அதுவும் அதைக் கிண்டல் பண்ணித்தான் எழுதினார். அது வேற எபிசோடு.

அவங்க மூணு பேரும் சொன்னது இதுதான். பேராசிரியரே வேண்டாம். முப்பது நாப்பது வருஷம் வேலை பார்த்தவங்க கூடியிருக்கற ஒரு அறையில, சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமலா போயிடும்? உறுப்பினர்களே உறுப்பினர்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். இன்னிக்கு சொல்லிக் கொடுக்கறவர் நாளைக்கு இன்னொரு குழுவுல மாணவரா உட்காரட்டும். சொல்லிக் கொடுக்கறவங்களுக்குச் சம்பளம் கிடையாது. பரீட்சை கிடையாது, சர்டிஃபிகேட் கிடையாது, சேர எந்தப் படிப்பும் தேவையில்ல. 'யுனிவர்சிட்டி' என்ற சொல்லுக்கு லத்தீன் மூலத்துல 'ஒரு கூட்டமாச் சேர்ந்த மனுஷங்க'ங்கற அர்த்தம் உண்டு. அந்தப் பழைய அர்த்தத்துலதான் பேர் வெச்சாங்க.

'மூன்றாம் பருவம்' என்னன்னு லாஸ்லெட் 1989-ல வந்த தன்னோட புத்தகத்துல விளக்கியிருக்கார். முதல் பருவம், பெத்தவங்களைச் சார்ந்து படிக்கற காலம். ரெண்டாவது, வேலை, குடும்பம், ஈஎம்ஐ (ஈஎம்ஐ நான் சேர்த்தது). மூணாவது, அந்தப் பொறுப்பெல்லாம் இறங்கினதுக்கு அப்புறம் உடம்பும் மனசும் நல்லா இருக்கும்போதே தனக்காக வாழற காலம். நாலாவதுதான் தளர்ந்துபோய் மறுபடி பிறரைச் சார்ந்திருக்கறது. நாம வீட்டுல பண்றது என்னன்னா, ரெண்டாவது முடிஞ்ச மறுநாளே அப்பாவை நேரா நாலாவதுல கொண்டு போய் உட்கார வெச்சுடறோம். "நீங்க ரெஸ்ட் எடுங்கப்பா."

இன்னிக்கு பிரிட்டன்ல ஆயிரத்துக்கும் மேல உள்ளூர் யூ த்ரீ ஏக்கள் இருக்கு, நாலு லட்சம் பேர் பக்கம் உறுப்பினர்கள். ஒவ்வொரு ஊர் யூ த்ரீ ஏயும் தனித்தனி அமைப்பு. மேல தேர்டு ஏஜ் டிரஸ்ட்னு ஒரு தாய் அமைப்பு இருந்து இன்சூரன்ஸ், உரிமம், ஆலோசனை மாதிரி விஷயங்களைப் பார்த்துக்குது. முழுநேர வேலையில இல்லாத யாரும் சேரலாம். குறைந்தபட்ச வயசுன்னு ஒண்ணு கிடையாது.

மாசம் ஒரு பொதுக்கூட்டம், ஒரு பேச்சாளர், டீ. ஆனா உயிர் இருக்கறது சின்னக் குழுக்கள்லதான். நான் இருந்த ஊர் நோட்டீஸ் போர்டுல ஸ்பானிஷ், பறவை பார்க்கறது, வாட்டர்கலர், குடும்ப வரலாறு, உக்குலேலே, நடைப்பயணம்னு பட்டியல் போயிட்டே இருக்கும். பல குழுக்கள் யாரோ ஒருத்தர் வீட்டு ஹால்லதான் கூடும். புதுக் குழு வேணுமா? பேப்பர்ல தலைப்பை எழுதி ஒட்டுங்க. அஞ்சாறு பேர் கையெழுத்துப் போட்டா குழு ரெடி. ஓப்பன் சோர்ஸ்ல இருக்கறவங்களுக்கு இது உடனே புரியும். யூசரும் மெயின்டெய்னரும் ஒரே ஆள்.

எனக்கு வேலை இருந்ததால உறுப்பினர் ஆக முடியாது. எதிர்வீட்டுல இருந்த அம்மா, எழுபது வயசுக்கு மேல, என்னைப் பேச்சாளரா இழுத்துட்டுப் போனாங்க. தலைப்பு, ஆன்லைன் மோசடி. இருபது ஸ்லைடு போட்டேன். கேள்வி நேரத்துல, வங்கியில வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருத்தர் எழுந்து, அந்தக் காலத்துல செக் மோசடி எப்படி நடக்கும், ஏமாத்தறவன் எப்பவும் ஏன் அவசரப்படுத்துவான்னு பத்து நிமிஷம் பேசினார். ஹாலே அவரைப் பார்த்துத் திரும்பிடுச்சு. அடுத்த மாசம் அவர் தலைமையில அதுக்கே ஒரு குழு ஆரம்பிச்சாச்சு. எனக்குக் கிடைச்சது கைதட்டல். அவருக்குக் கிடைச்சது ஒரு பொறுப்பு: செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு அவர் வரலன்னா எட்டு பேர் வெளிய நிப்பாங்க.

அந்த ஏற்பாட்டுக்கு எது நடுத்தூண்னு கேட்டா, இந்த 'வரலன்னா'தான். டேப்லெட் வாங்கிக் கொடுத்தா, அவர் அதைத் திறக்கலன்னா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. கோர்ஸ்ல சேர்த்துவிட்டா, இவர் வரலன்னாலும் வீடியோ ஓடும்.

இனி திருச்சிக்கு வருவோம். எங்க அப்பா பதிவுத்துறையில இருந்தவர். தமிழ்நாடு அரசு 2020-ல ஓய்வு வயசை 58-லேருந்து 59 ஆக்கினாங்க, அடுத்த வருஷம் 60. அப்பாவுக்கு ரெண்டு வருஷம் போனஸ். அப்புறம் ஒரு மாசக் கடைசி நாள், சாயங்காலம் பொன்னாடை, மாலை, சுவர்க்கடிகாரம். ஆபீஸே வந்து வீட்டுல விட்டுட்டுப் போச்சு. இனிமே நேரமே போகாதுன்னு தெரிஞ்ச ஒருத்தருக்குக் கடிகாரம் கொடுக்கற வழக்கத்தை யார் ஆரம்பிச்சாங்களோ தெரியல. மறுநாள் அதே நேரத்துக்கு ஷேவ் பண்ணி, அயர்ன் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தாராம். அம்மா போன்ல சொன்னாங்க. ஆறு மாசத்துல பிரஷர் மாத்திரை ஒண்ணு ரெண்டாச்சு. என்கூடப் பேசறது "சாப்பிட்டியா, சரி அம்மாகிட்ட கொடுக்கறேன்"னு முடிஞ்சிடும்.

ஒரு நாள் மேல்வீட்டுக்காரர் ஒரு மனை வாங்கறதுக்கு முன்னாடி வில்லங்கச் சான்றைக் கொண்டு வந்து காட்டியிருக்கார். அப்பா ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து விளக்கியிருக்கார். அந்தச் சான்று, நாம கேட்கற வருஷங்களுக்குள்ள பதிவான பத்திரங்களை மட்டும்தான் காட்டும். பதிவு பண்ணாம வெள்ளைத்தாள்ல போட்ட ஒப்பந்தமெல்லாம் அதுல வராது. அதனால 'வில்லங்கம் இல்லை'ன்னு வந்துட்டாலே நிம்மதியாத் தூங்கிடக் கூடாது. மூலப்பத்திரம், பட்டா, நேர்ல இடம், நாலையும் சேர்த்துப் பார்க்கணும். அன்னிக்கு ராத்திரி இதையெல்லாம் என்கிட்ட முப்பத்தஞ்சு நிமிஷம் போன்ல சொன்னார். நானே டைமரைப் பார்த்தேன்.

அந்தப் போன்லதான் யூ த்ரீ ஏ பத்திச் சொன்னேன். இப்போ அபார்ட்மென்ட் அசோசியேஷன் ரூம்ல வாரம் ஒரு தடவை நடக்குது. ஆறு பேர்ல ஆரம்பிச்சு இப்போ பதினாலு. பேரெல்லாம் வைக்கல. மின்வாரியத்துல இருந்த ஒருத்தர் கரண்ட் பில்லைப் பிரிச்சுச் சொல்லிக் கொடுத்தார்: ரெண்டு மாசத்துக்கு எத்தனை யூனிட் இலவசம், அதுக்கு மேல ஸ்லாப் எப்படி ஏறுது, ஏன் சில யூனிட் கூடினாலே பில் எகிறுதுன்னு. ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் ஒருத்தர் போட்டோ எடுக்கக் கத்துக்கிட்டு இருக்காங்க. சொல்லிக் கொடுக்கறவர், கல்யாண வீடுகளுக்கு போட்டோ எடுத்துட்டிருந்த ஸ்டுடியோக்காரர்.

இங்கிலாந்துல இருந்து அப்படியே காப்பி-பேஸ்ட் பண்ண முடியாத விஷயங்களும் இருக்கு. முதல்ல, மேடை. நம்ம ஊர்ல நாலு பேர் கூடினா ஒரு தலைவர், ஒரு சிறப்பு விருந்தினர், ஒரு பொன்னாடை வந்துடும். ரெண்டாவது கூட்டத்துலயே வரவேற்புரை இருபது நிமிஷம் ஓடுச்சாம். அப்பாதான் நாற்காலிகளை வட்டமாப் போட்டார். வட்டத்துல முதல் வரிசை கிடையாது. ஆனா 'சார்' பிரச்சினை இன்னும் தீரல. அங்க எல்லாரும் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கறாங்க. இங்க செயற்பொறியாளரா இருந்தவர் ரிட்டயர் ஆனாலும் செயற்பொறியாளர்தான். அவர் பக்கத்துல ஸ்டுடியோக்காரர் உட்காரவே ரெண்டு மாசம் ஆச்சு.

ரெண்டாவது விஷயத்தைக் கண்டுபிடிச்சது அம்மா. கூட்டம் காலையில பத்து மணிக்குன்னு வெச்சிருந்தாங்க. வந்தது எல்லாமே ஆம்பளைங்க. "பத்து மணிக்கு எந்த வீட்டுல பொம்பளைக்கு கை காயும்?"னு கேட்டாங்க அம்மா. அப்பா ரிட்டயர் ஆனதுல அம்மாவுக்கு ஒரு டீ, ஒரு மத்தியானச் சாப்பாடு எக்ஸ்ட்ரா வேலைதான் வந்திருக்கு. அவங்களுக்கு ஓய்வு வயசை எந்த அரசாணையும் சொல்லல. நேரத்தை சாயங்காலம் நாலு மணிக்கு மாத்தினாங்க. மறுவாரமே அஞ்சு பெண்கள் வந்தாங்க. இப்போ அம்மா ஒரு தனிக் குழு நடத்தறாங்க, சினிமாப் பாட்டுல ராகம் கண்டுபிடிக்கறது. இளையராஜா பாட்டுல ரீதிகௌளை எதுன்னு கேட்டா, அப்பாவே இப்போ கையைத் தூக்கறார். பெரும்பாலும் தப்பாத்தான் சொல்றார்.

உங்க ஊர்ல இதை ஆரம்பிக்கணும்னா நீங்க செய்ய வேண்டியது ரொம்பக் கொஞ்சம். அப்பாகிட்ட "உங்களுக்கு என்ன கத்துக்கணும்?"னு கேட்காதீங்க. "எனக்கு எதுக்குப்பா இந்த வயசுல"ன்னுதான் பதில் வரும். "ஆபீஸ்ல எதுக்காக எல்லாரும் உங்ககிட்ட வந்து நிப்பாங்க?"னு கேளுங்க. அதுதான் முதல் கூட்டத்தோட தலைப்பு. அம்மாவா இருந்தா, "எதுக்காகச் சொந்தக்காரங்க உனக்கு போன் பண்ணுவாங்க?" இடம் தெரிஞ்சவங்க வீடா, அசோசியேஷன் ரூமா இருந்தாப் போதும், கிளை நூலகத்துலயும் கேட்டுப் பாருங்க. வாட்ஸ்அப் குரூப்பை அட்மின் மட்டும் மெசேஜ் போடற மாதிரி செட் பண்ணிக் கொடுங்க, இல்லன்னா குட்மார்னிங் ரோஜாப்பூவுல கூட்டத் தேதி புதைஞ்சு போயிடும். மூணு வாரம் கூட இருங்க. நாலாவது வாரம் அட்மினை அவங்ககிட்டயே கொடுத்துட்டு வெளிய வந்துடுங்க. நீங்களே நடத்தினீங்கன்னா அது மறுபடியும் அவங்களுக்காக யாரோ நடத்தற ஒண்ணா ஆயிடும்.

பஸ் ஃபேக்டரையும் கவனிங்க. ஒரே ஆள் நம்பி ஓடற சிஸ்டம், அந்த ஆள் போனா நின்னுடும். பிரிட்டன்லயே யூ த்ரீ ஏக்களோட நிரந்தரத் தலைவலி இதுதான். குழுவுல சேர நிறைய பேர் வருவாங்க. செயலாளர், பொருளாளர் பதவிக்குன்னு கேட்டா எல்லாரும் டீ கப்பைப் பார்ப்பாங்க. அதனால ஆரம்பத்துலேர்ந்தே சாவியை ரெண்டு பேர்கிட்ட கொடுத்து வைங்க.

இன்னொண்ணையும் நேராச் சொல்லிடறேன். இது பென்ஷன் வர்ற வீட்டுக் கதை. யூ த்ரீ ஏ மேலயும் நடுத்தர வர்க்க கிளப்புங்கற விமர்சனம் இருக்கு, அதுல நியாயமும் இருக்கு. தனியார் கம்பெனியில இருந்தவருக்கு ஈபிஎஃப் ஓய்வூதியம் குறைந்தபட்சம் மாசம் 1,000 ரூபாய். எங்க அபார்ட்மென்ட் வாட்ச்மேனுக்கு அப்பாவை விட வயசு கூட. கூட்டம் நடக்கற நேரத்துல அவர் கேட்ல நிக்கறார். அவருக்கு மூன்றாம் பருவம்னு ஒண்ணு வரவேயில்ல. அப்பாகிட்ட இதைச் சொன்னப்போ கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அவர் ஊர்ல நெல் போட்டவர்டா, மண்ணைப் பத்தி அவர்கிட்ட கேட்கணும்"னார். அடுத்த வாரம் மாடித்தோட்டத்துக்கு மண் கலக்கறது எப்படின்னு அவர்தான் சொல்லித் தர்றார். அந்த ஒரு மணி நேரம் கேட்ல நிக்கறது செயற்பொறியாளர் சாராம்.

மாடித்தோட்ட மேட்டரை ரெக்கார்டு பண்ணி அனுப்பச் சொல்லியிருக்கேன். ஆடியோ நல்லா வந்தா அடுத்த எபிசோடுல போடறேன். உங்க அப்பா, அம்மாகிட்ட அந்தக் கேள்வியைக் கேட்டுட்டு, என்ன பதில் வந்துச்சுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க.