ஸ்பீக்கிங்கில் அரை பேண்ட் குறைஞ்சா எவ்வளவு நஷ்டம்? ஒரு கணக்கு, ஒரு 30 நாள் பிளான்



வருமான வரி ரிட்டர்ன் ஃபைல் பண்ண வந்த ஒரு தம்பி தன்னோட பேங்க் ஸ்டேட்மென்ட்டை அனுப்பியிருந்தார். கோவையில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. கைக்கு வர்ற சம்பளம் 45,000 ரூபாய். அதில் ரெண்டு தடவை 18,000 ரூபாய் அளவுக்குப் போயிருக்கு, கூடவே ஒரு கோச்சிங் சென்டருக்கு 17,700. "என்ன தம்பி இது?"ன்னு கேட்டேன்.

"ஐஇஎல்டிஎஸ் அண்ணா, கனடா பிஆர்-க்கு. ஸ்பீக்கிங் மட்டும் 6.5-லேயே நிக்குது. இந்தச் செலவை டேக்ஸ்ல கழிக்க முடியுமா?"

முடியாது. சம்பளக்காரருக்கு சொந்தத் தேர்வுக் கட்டணத்துக்கோ, கோச்சிங் ஃபீஸுக்கோ வரிக் கழிவு கிடையாது. பழைய வரிமுறையில் டியூஷன் ஃபீஸ் கழிவு இருக்கு, ஆனா அது பிள்ளைகளோட முழுநேரப் படிப்புக்கு. கோச்சிங் ஃபீஸில் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேற: 15,000 ரூபாய் ஃபீஸ்னா 2,700 வரி. ஆக, இது முழுக்க முழுக்க உங்க கைக்காசு. அதனாலதான் இந்தத் தேர்வை ஒரு செலவுக் கணக்காவும் பார்க்கணும்னு சொல்றேன்.

அந்த அரை பேண்டோட விலை

தம்பியோட முதல் ரிசல்ட்: லிசனிங் 8, ரீடிங் 7.5, ரைட்டிங் 7, ஸ்பீக்கிங் 6.5. சராசரி 7.25, அதை 7.5-ன்னு ரவுண்ட் பண்ணுவாங்க. பார்க்க நல்ல ஸ்கோர்தான். ஆனா கனடாவோட எக்ஸ்பிரஸ் என்ட்ரி மொத்த ஸ்கோரைப் பார்க்காது, ஒவ்வொரு திறனையும் தனித்தனியாப் பார்க்கும். ஸ்பீக்கிங் 6.5-ன்னா அவங்க அளவுகோலில் சிஎல்பி 8. 7 எடுத்தா சிஎல்பி 9.

கல்யாணம் ஆகாதவர், ஒரே ஒரு டிகிரி, கனடாவுக்கு வெளியே 3 வருஷ அனுபவம். இவருக்கு அந்த அரை பேண்ட் என்ன தரும்னு பாருங்க:

- ஸ்பீக்கிங் மொழிப் புள்ளி: 23-லிருந்து 31. கூடுதல் 8.
- டிகிரியும் மொழியும் சேர்ந்த புள்ளி: 13-லிருந்து 25. கூடுதல் 12.
- வெளிநாட்டு அனுபவமும் மொழியும் சேர்ந்த புள்ளி: 25-லிருந்து 50. கூடுதல் 25.

மொத்தம் 45 புள்ளி! நாலு திறனும் சிஎல்பி 9-ஐத் தொட்டாத்தான் கடைசி ரெண்டு வரி கிடைக்கும். ஒண்ணு குறைஞ்சாலும் இல்லை.

சரி, திரும்ப எழுதலாம்னு ரெண்டாவது தடவை போனார். ஸ்பீக்கிங் அதே 6.5. இந்தத் தடவை ரைட்டிங்கும் 6.5-க்கு இறங்கிடுச்சு. முழுத் தேர்வையும் திரும்ப எழுதும்போது கையில் இருக்கிற மற்ற மூணு ஸ்கோரையும் பணயம் வைக்கிறீங்க. இதை யாரும் கணக்கில் சேர்க்கிறதில்லை.

மார்க் எங்கே போகுது?

ஸ்பீக்கிங் தேர்வு 11 முதல் 14 நிமிஷம். மூணு பகுதி. முதல் 4-5 நிமிஷம் உங்க ஊர், வேலை, பழக்கவழக்கம். அடுத்து க்யூ கார்டு: ஒரு தலைப்பு கொடுப்பாங்க, குறிப்பெடுக்க 1 நிமிஷம், அப்புறம் 2 நிமிஷம் வரைக்கும் நீங்க மட்டும் பேசணும். கடைசி 4-5 நிமிஷம் அதே தலைப்பை ஒட்டி "ஏன், எப்படி" வகைக் கேள்விகள்.

மார்க் நாலு விஷயத்துக்கு, நாலுக்கும் சம பங்கு: தடையில்லாம கோர்வையாப் பேசுறது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. உதாரணத்துக்கு 6, 7, 6, 7 வந்தா சராசரி 6.5. ஆனா எதில் 6, எதில் 7-ன்னு உங்க ரிசல்ட்டில் இருக்காது. கடைசி நம்பர் மட்டும்தான் வரும். அதனால ஓட்டை எங்கேன்னு நாமளேதான் கண்டுபிடிக்கணும்.

தம்பியை க்யூ கார்டு ஒண்ணுக்குப் பேசச் சொல்லி ரெக்கார்ட் பண்ணினோம். முதல் 40 வினாடி அருமை, கோச்சிங் சென்டரில் மனப்பாடம் பண்ணினது. அதுக்கப்புறம் ஒரே "ஆக்சுவலி... ஆக்சுவலி..." தினமும் ஆபீஸில் இங்கிலீஷ் பேசுறவர்தான். ஆனா ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் ரெண்டு வரி ஸ்டேட்டஸ் சொல்றது வேற, 2 நிமிஷம் தொடர்ந்து ஒரு விஷயத்தை விவரிக்கிறது வேற. அந்தப் பழக்கமே அவருக்கு இல்லை.

இன்னொரு பயம் உச்சரிப்பு. நம்ம தமிழ் சாயல் இருக்கிறதுக்காக மார்க் குறையாது. புரியாமப் போனாத்தான் குறையும். "ஸ்கூல்" என்பதை "இஸ்கூல்"னு சொல்றது, "ஃபேன்"-ஐ "பேன்"னு சொல்றது மாதிரி இடங்களைச் சரி பண்ணினாப் போதும். வெள்ளைக்காரர் மாதிரி பேச முயற்சி பண்ணாதீங்க. அதே மாதிரி, 7 பேண்டுக்கு ஒரு தப்புகூட இருக்கக் கூடாதுன்னு இல்லை. நிறைய வாக்கியம் பிழையில்லாம வரணும், அவ்வளவுதான்.

30 நாள், தினமும் 30 நிமிஷம்

1. மொபைலில் வாய்ஸ் ரெக்கார்டரை ஆன் பண்ணுங்க. ஒரு க்யூ கார்டு, 1 நிமிஷம் குறிப்பு, 2 நிமிஷம் பேச்சு. நடுவில் நிறுத்தக் கூடாது.
2. உடனே கேளுங்க. கஷ்டமாத்தான் இருக்கும், ஆனாலும் கேளுங்க. எங்கே நின்னீங்க, எந்த வார்த்தை திரும்பத் திரும்ப வந்துச்சு, எந்த வாக்கியம் தப்புன்னு நோட்டில் எழுதுங்க. "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்", "ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்" இதெல்லாம் நம்ம ஊர் வழக்கமான தப்புகள்.
3. அதே தலைப்பை அன்னைக்கே ரெண்டாவது தடவை பேசுங்க. முன்னேற்றம் இங்கேதான் வருது. புதுத் தலைப்பு நாளைக்கு.
4. கடைசி 10 நிமிஷம், ஃபிரெண்ட் ஒருத்தரை போனில் "ஏன்?"னு மட்டும் கேட்கச் சொல்லுங்க. நீங்க சொல்ற பதிலுக்கு மறுபடியும் "ஏன்?". மனப்பாடம் இங்கே எடுபடாது.

செலவு? பூஜ்யம். தம்பி இதைத்தான் பண்ணினார், ரைட்டிங்குக்கும் தனியா நேரம் ஒதுக்கினார். மூணாவது தடவை ஸ்பீக்கிங் 7, ரைட்டிங் 7. மற்ற ரெண்டும் பழைய நிலையிலேயே இருந்தது. மொத்தச் செலவு சுமார் 71,700. முதல் தடவைக்கு முன்னாடியே இதைப் பண்ணியிருந்தா 18,000-லேயே முடிஞ்சிருக்கலாம்.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி

- உங்களுக்கு வேண்டியது மொத்த ஸ்கோரா, ஒவ்வொரு திறனுக்கும் தனி ஸ்கோரா? அகாடெமிக்கா, ஜெனரல் டிரெயினிங்கா? முதலில் அதை உறுதி பண்ணுங்க.
- ஸ்கோர் 2 வருஷம்தான் செல்லும். "எப்பவாவது உதவும்"னு இப்பவே எழுதி வைக்காதீங்க.
- கம்ப்யூட்டரில் எழுதினவங்க 60 நாளுக்குள் ஒரு திறனை மட்டும் திரும்ப எழுதும் 'ஒன் ஸ்கில் ரீடேக்' வசதி இருக்கு. ஆனா அதை எல்லா இடத்திலும் ஏத்துக்க மாட்டாங்க. நீங்க விண்ணப்பிக்கிற இடத்தோட இணையதளத்தில் பார்த்துட்டு அப்புறம் பணம் கட்டுங்க.
- மார்க் நியாயமில்லைன்னு தோணினா 6 வாரத்துக்குள் மறுமதிப்பீடு கேட்கலாம். ஸ்கோர் மாறினா அந்தக் கட்டணம் திரும்ப வரும்.
- கிரெடிட் கார்டு இஎம்ஐ போட்டுத் தேர்வு எழுதாதீங்க. மூணு மாசம் 6,000 எடுத்து வைங்க. பணம் சேரவும் பயிற்சி முடியவும் சரியா இருக்கும்.

தேதியை புக் பண்ண என்கிட்ட ஒரே ஒரு அளவுகோல்தான். முன்பின் பார்க்காத தலைப்பில் 2 நிமிஷம் நிக்காமப் பேசின ரெக்கார்டிங் தொடர்ந்து அஞ்சு நாள் உங்க மொபைலில் இருக்கா? இருந்தா பணம் கட்டுங்க. இல்லைன்னா அந்த 18,000 சேவிங்ஸ் அக்கவுன்ட்டிலேயே இருக்கட்டும்.

இன்னைக்கு ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் முதல் ரெக்கார்டிங் போடுங்க. அடுத்த வீடியோவில் பார்க்கலாம்.