மழை படாத மண்சுவர்

ஆம்பூர் என்றதும் பிரியாணியும் தோலும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்த ஊருக்கு அருகே, இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தில், மலையாம்பட்டு என்றொரு கிராமம் இருக்கிறது. அங்குள்ள மலையில், ஒரு பெரும்பாறையின் அடியில், சுடாத பச்சைக்கல்லால் எழுப்பிய சுவர்களின் மிச்சம் ஏறத்தாழ 1,200 ஆண்டுகளாக நிற்கிறது. அதுதான் ஆர்மாமலைக் குகை. இயற்கையாக அமைந்த அந்தக் குகையை 8-ஆம் நூற்றாண்டு வாக்கில் சமணர்கள் தங்கள் பள்ளியாக ஆக்கிக்கொண்டார்கள். உள்ளே மண்சுவர் வைத்தார்கள். மேலே பாறைக்கூரையில் சுதை பூசி ஓவியம் தீட்டினார்கள். எட்டுத் திசைக் காவலர்களும் செடிகொடிகளும் சிதைந்த நிலையிலாவது இன்னும் மிஞ்சியிருக்கின்றன.

பச்சைக்கல் வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆச்சரியம் என்று தெரியும். ஓர் ஐப்பசி அடைமழையில் கூரை ஒழுகினால் போதும், சுவர் இளகிச் சரிந்துவிடும். அப்படிப்பட்ட சுவர் சோழர் காலத்தையும் விஜயநகர காலத்தையும் நவாபு, கம்பெனி ஆட்சிகளையும் தாண்டி நின்றது எப்படி?

களிமண்ணின் துகள்கள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகள். பிசைந்து அச்சில் போட்டுக் காயவைத்தால், நீர் வெளியேற வெளியேறத் தகடுகள் நெருங்கி ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும். சூளையில் சுட்டுவிட்டால் அது மீளாத மாற்றம். செங்கல்லை எத்தனை நாள் ஊறவைத்தாலும் சேறாகாது. பச்சைக்கல்லில் அந்த மாற்றம் நடப்பதில்லை. தண்ணீர் திரும்பி வந்தால் தகடுகளுக்கு நடுவே புகுந்து அவற்றை விலக்கிவிடும். ஆகவே பச்சைக்கல்லின் ஆயுளைக் காலம் தீர்மானிப்பதில்லை, ஈரம்தான் தீர்மானிக்கிறது. எவ்வளவு நாள் நனையாமல் இருக்கிறதோ அவ்வளவு நாள் அது நிற்கும்.

ஆர்மாமலையில் அதை நனையாமல் காத்தது பாறை. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்து மலைப்பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டு பழமையானவை. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், பெரும் அழுத்தத்தில் உருவானவை. மேலே இருந்த பாரம் யுகயுகமாக அரித்துப் போனதும் பாறை மெல்ல விம்மியது. மேற்பரப்புக்கு இணையாக வெடிப்பு கண்டது. வெங்காயச் சருகைப் போல அடுக்கடுக்காக உரியத் தொடங்கியது. வெடிப்பில் இறங்கிய நீர் அடிப்பகுதியை இளக்கி உதிர்க்க, மேலே ஒரு கூரை நீட்டிக்கொண்டு நின்றது. மகேந்திரவாடியில் 7-ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் செய்ததைப் போல உளி கொண்டு பாறையைக் குடையும் வேலை ஆர்மாமலைக்காரர்களுக்கு இல்லை. இயற்கை கொடுத்த கூரையின் கீழ் மண்ணைக் குழைத்துச் சுவர் வைத்தார்கள். குடைவரைக்கு அரசனின் கருவூலம் வேண்டும். இதற்கு ஊராரின் உழைப்பே போதுமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனாலேயே இந்தக் குகைமீது எனக்குத் தனிப் பிரியம்.

இனி ஓவியத்துக்கு வருவோம். அதன் அடிப்படை சுண்ணாம்பு. சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால், உள்ளே அடைபட்டிருக்கும் கரியமில வாயு வெளியேறிவிடும். மிஞ்சும் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டால் கொதித்துப் பொங்கி நீறும். ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடித் தோல் ஷாப்புகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிய சரக்கு. உப்பிட்டு வந்த தோலைக் கழுவி ஊறவைத்ததும் அடுத்து அது போவது சுண்ணாம்புக்குத்தான். அந்தக் காரத்தில் தோல் ஊதித் தடிக்கும். மயிரைப் பிடித்திருக்கும் புரதம் கரைந்து மயிர் கழன்றுவரும். அதே நீறிய சுண்ணாம்பைச் சுவரில் மெல்லிய பூச்சாகப் பூசினால் வேறொன்று நடக்கிறது. சூளையில் இழந்த கரியமில வாயுவை அது காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிவிடுகிறது. பூச்சு ஈரமாக இருக்கும்போதே வண்ணம் தீட்டினால், அந்தக் கல் வளரும்போது நிறத்துகளையும் தனக்குள் பிடித்துவைத்துக்கொள்ளும். காய்ந்த பின் பிசின் கலந்து தீட்டுவது இன்னொரு முறை. அது எளிது, ஆனால் பிடிப்புக் குறைவு.

நிறங்களுக்கும் ஒரு காரணம் உண்டு. செங்காவியும் மஞ்சள் காவியும் இரும்பின் ஆக்சைடுகள், அதாவது துரு. ஏற்கெனவே துருப்பிடித்த ஒன்று மேலும் துருப்பிடிக்க வழியில்லை. அதனால் வெயிலும் காற்றும் அதை எளிதில் மாற்றுவதில்லை. பூவிலும் இலையிலும் எடுத்த சாயம் வெளுத்துப்போகும் இடத்தில் காவி நிலைத்து நிற்பது இதனால்தான். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930-களில் தஞ்சைப் பெரிய கோயில், சித்தன்னவாசல் ஓவியங்களை ஆராய்ந்து, எந்த அடுக்கு எதனால் ஆனது என்று கண்டறிந்தார். நம் சுவரோவியங்களை வேதியியல் கண்ணால் பார்க்கக் கற்றுக்கொடுத்த முன்னோடிகளில் அவர் ஒருவர். பள்ளிப் பாடத்தில் இருக்கவேண்டிய பெயர்.

கல்லாக இறுகிய ஓவியத்தை மனிதர் வந்து பார்ப்பதே கெடுத்துவிடுமா? கெடுக்கும். பிரான்சின் லாஸ்கோ குகை ஓவியங்கள் சுமார் 17,000 ஆண்டுகள் இருளில் பத்திரமாக இருந்தன. 1940-ல் கண்டுபிடித்தார்கள், 1948-ல் மக்களுக்குத் திறந்தார்கள். நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விட்ட மூச்சின் ஈரமும் கரியமில வாயுவும் சுவரில் படிந்தன. விளக்கொளியில் பச்சைப் பாசி வளர்ந்தது. 1963-ல் மூடவேண்டியதாயிற்று. ஆர்மாமலை அடைபட்ட குகை அல்ல, காற்றோட்டம் உண்டு. அங்கே மூச்சைவிடக் கைதான் ஆபத்து. விரலின் எண்ணெய்ப் பசை, கற்பூரப் புகை, ஆணியால் கீறிய காதலர் பெயர் ஆகியவற்றால் போனதை எந்த வேதியியலும் திரும்பக் கொண்டுவராது. வேலூர் வட்டாரத் தோல் ஆலைக் கழிவுநீர் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், மீளாத கேடு வரும் என்று அஞ்ச இடமிருந்தால் முழு நிரூபணத்துக்குக் காத்திராமல் முன்கூட்டியே தடுக்கவேண்டும் என்ற கோட்பாட்டை ஏற்றது. பாலாற்றுக்காகப் பேசப்பட்ட அந்த நியாயம் பாலாற்றங்கரையின் பழஞ்சுவர்களுக்கும் பொருந்தும்.

இதற்காகப் பயந்து ஒதுங்கவேண்டாம். இடிபாடுகளைப் பார்ப்பது உண்மையில் ஒரு துப்பறியும் விளையாட்டு. கையைக் கட்டிக்கொண்டு கண்ணால் மட்டும் ஆடவேண்டும் என்பது ஒன்றே அதன் விதி. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வேலூர்க் கோட்டையில் தொடங்கலாம். பழைய கருங்கற்களின் ஓரத்தில் வரிசையாகச் சிறுகுழிகள் தெரிகின்றனவா என்று தேடச் சொல்லுங்கள். தெரிந்தால், அது உளியால் குழியடித்து ஆப்பு இறக்கிப் பாறையைப் பிளந்த தடம். கல் எங்கிருந்து வந்தது, தண்ணீர் எங்கே சேர்ந்தது, நடந்து நடந்து எந்தப் படி தேய்ந்திருக்கிறது என்று அடுத்தடுத்துக் கேளுங்கள்.

நடுகல்லில் ஆட்டம் இன்னும் சுவை கூடும். ஆம்பூரில் கிடைத்த பல்லவர் கால நடுகற்கள் நிருபதுங்கவர்மனின் 26-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை. நுளம்பர் படை ஆநிரை கவர வந்தபோது எதிர்த்து நின்று விழுந்த வீரர்களுக்காக எடுத்தவை. இந்த வகைக் கல்லில் உச்சிவெயிலில் ஒரு எழுத்தும் பிடிபடாது. ஒளி நேராக விழுந்தால் கீறலுக்கு நிழல் இல்லை. காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெயிலில் பாருங்கள். இல்லையென்றால் கைபேசி விளக்கைக் கல்லின் பக்கவாட்டில், ஏறக்குறைய அதை ஒட்டினாற்போல் பிடியுங்கள். ஒவ்வொரு கோட்டிலும் நிழல் விழுந்து, வெறும் கல்லாக இருந்த இடத்தில் ஒரு வில்லோ வாளோ எழுந்துவரும். சாக்பீஸும் மாவும் எண்ணெயும் பூசிப் படிக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடலாம். கல்லுக்குக் கெடுதல் இல்லாத இந்த வழி அதைவிட நன்றாகவே காட்டுகிறது.

மண்ணில் கிடக்கும் ஓட்டுத்துண்டை மட்டும் ஏன் எடுக்கக்கூடாது என்று பிள்ளைகள் கேட்பார்கள். பையம்பள்ளிதான் அதற்குப் பதில். திருப்பத்தூருக்கு அருகிலுள்ள அந்த ஊரில் 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. கீழடுக்கில் புதிய கற்காலத்தார் தரையில் குழிதோண்டி வாழ்ந்த வீடுகள். மேலடுக்கில் இரும்புக்கால மக்கள். குழி வீட்டின் மரக்கம்பம் மக்கி மறைந்து வெகுகாலம் ஆயிற்று. ஆனால் கம்பம் நின்ற இடத்து மண்ணின் நிறம் வேறு. அந்த நிறவட்டங்களை இணைத்துத்தான் வீட்டின் வடிவத்தை அறிந்தார்கள். கருகிய கொள்ளும் பச்சைப்பயறும்கூடக் கிடைத்தன. நல்ல தானியத்தைப் பூச்சியும் நுண்ணுயிரும் தின்றுவிடும். கரியானதை அவை தொடாது. அந்தக் காலத்து அடுப்பில் எப்போதோ தீய்ந்துபோனதால்தான் அவர்கள் சாப்பாடு நமக்குத் தெரிகிறது. கரியில் உள்ள கதிரியக்கக் கார்பன் 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் கணக்கை வைத்து, அந்த வாழ்க்கை கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்தது என்று கணித்தார்கள். இவ்வளவும் தெரிந்தது ஒவ்வொரு பொருளும் தன் அடுக்கில், தன் இடத்தில் கிடந்ததால். இடத்தைவிட்டு எடுத்து வீட்டு அலமாரியில் வைத்த ஓடு அழகாக இருக்கலாம், சாட்சி சொல்லாது.

காட்பாடிக்கு வடக்கே வள்ளிமலையில் மரியாதையின் இன்னொரு பக்கம் தெரியும். 9-ஆம் நூற்றாண்டில் கங்க மன்னன் ராஜமல்லன் ஏற்படுத்திய சமணப் பள்ளியும், இன்று கூட்டம் அலைமோதும் முருகன் கோயிலும் ஒரே மலையில் இருக்கின்றன. அங்கே செருப்பைக் கழற்றுவதும் குரலைத் தாழ்த்துவதும் கல்லுக்காக மட்டுமல்ல, அதைக் கும்பிட வருகிறவர்களுக்காகவும்.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மண்ணுக்குள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பழம்பொருள் அகப்பட்டால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. ஆகவே ஏதாவது கண்ணில் பட்டால், பக்கத்தில் ஒரு நாணயத்தை அளவுக்கு வைத்துப் படமெடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பொருளை அங்கேயே விட்டுவிட்டுக் கிராம நிர்வாக அலுவலரிடமோ வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்திலோ சொல்லுங்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வருடாந்தரச் சுற்றுலாவுக்கு மைசூருக்கும் ஊட்டிக்கும் பஸ் ஏற்பாடு செய்கிறோம். இந்த வருடம் மார்கழியிலோ தையிலோ, வெயில் ஏறுமுன், ஒரே ஒரு நாள் பிள்ளைகளை மலையாம்பட்டுக்கு அழைத்துப்போங்கள். வேதியியல் ஆசிரியரையும் கூட்டிக்கொள்ளுங்கள்.