அப்பப்பாவும் புகையிரதமும்

'கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்' என்பது யாழ்ப்பாணத்தில் வழங்கிய முதுமொழி. அரசாங்க உத்தியோகத்துக்கு அக்காலத்தில் இருந்த மதிப்பை அது காட்டுகின்றது. எமது அப்பப்பாவும் அவ்வழியே சென்றவர். இலங்கைப் புகையிரதப் பகுதியிற் சேர்ந்து, வடக்கின் சிறிய நிலையங்கள் பலவற்றில் 34 ஆண்டுகள் கடமையாற்றி, நிலைய அதிபராக ஓய்வுபெற்றவர். அவர் மறைந்து பல ஆண்டுகள் கடந்துவிட்டன. பேரப்பிள்ளைகளாகிய நாம் அவரை நினைவுகூரும் இவ்வேளையில், அவர் செய்த தொழில் யாது என்பதை இங்கு தமிழ் பயிலும் மாணவச் செல்வங்களுக்கு விளக்க விரும்புகின்றோம்.

நிலைய அதிபர் என்றால் பயணச்சீட்டு விற்பவர் என்றே சிறுவயதில் நாம் எண்ணியிருந்தோம். அது அவரது கடமையில் ஒரு சிறு பகுதி மட்டுமே.

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கான புகையிரதப் பாதை 1905ஆம் ஆண்டில் முழுமை பெற்றது. 1956 ஏப்ரல் 23இல் 'யாழ் தேவி' கடுகதி வண்டி ஓடத் தொடங்கியது. அப்பப்பா கடமையாற்றிய வடபகுதியில், வடக்கு நோக்கிச் செல்லும் வண்டியும் தெற்கு நோக்கி வரும் வண்டியும் ஒரே தண்டவாளத்தையே பயன்படுத்த வேண்டும். இரண்டும் நிலையத்தில் மட்டுமே ஒன்றையொன்று கடக்கலாம். இடைவழியில் எதிர்ப்பட்டால் விளைவு என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஆபத்தைத் தடுத்தது, 'டப்லட்' என்று அழைக்கப்பட்ட ஓர் உலோகத் தகடு. அடுத்தடுத்த இரண்டு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைக்கப்பட்ட இரு கருவிகள் இருக்கும். ஒரு நிலைய அதிபர் வண்டியை அனுப்ப வேண்டுமாயின், மணியொலிக் குறிப்பினால் அடுத்த நிலைய அதிபரிடம் வழி கேட்பார். அவர் தமது கருவியை இயக்கி இசைவு தந்தாலன்றி இங்கே தகடு வெளிவராது. ஒரு தகடு வெளிவந்துவிட்டால், அது ஏதேனும் ஒரு கருவியில் மீண்டும் இடப்படும் வரை, இரு நிலையங்களிலும் வேறொரு தகட்டை எடுக்க இயலாது. தகட்டில் அவ்விரு நிலையங்களின் பெயர்களும் பொறிக்கப்பட்டிருக்கும். சாரதி அதனைப் பார்த்து உறுதி செய்துகொண்ட பின்னரே வண்டியை எடுக்கலாம்.

நில்லாது செல்லும் வண்டிகளுக்குத் தகட்டை ஒரு தோற்பையில் இட்டு, பெரிய வளையத்தில் மாட்டி நீட்டுவார்கள். ஓடும் எஞ்சினில் நிற்பவர் அவ்வளையத்தினுள் கையை நுழைத்து வாங்கிக்கொள்வார். இரவிலும் மழையிலும் இவ்வேலை தவறாது நடைபெற்றது. அடுத்த நிலையத்தில் இருப்பவர் தமிழராயினும் சிங்களவராயினும், முகமறியாதவராயினும், அவர் அடிக்கும் மணியை நம்பியே நூற்றுக்கணக்கான உயிர்கள் பயணம் செய்தன.

எமது தந்தையார் பிறந்த மாரிகால இரவில் அப்பப்பா பரந்தனில் கடமையில் இருந்தார். பொறுப்பேற்க வேறொருவர் வரும் வரை நிலையத்தை விட்டு அகல முடியாது. மழையினால் அவர் வரத் தாமதமாயிற்று. அப்பப்பா மூன்றாம் நாளே பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். "பெத்த பிள்ளையிலும் இவருக்குக் கோச்சிதான் பெரிசு" என்று அப்பாச்சி இறுதிவரை குறைகூறுவார். "அந்தக் கோச்சிக்குள்ளையும் ஆரின்ரையோ பிள்ளையள் இருந்ததுகள்" என்பதே அப்பப்பாவின் மறுமொழி. அதற்குமேல் அவர் பேசமாட்டார்.

1990ஆம் ஆண்டு யூன் மாதத்துடன் யாழ்ப்பாணத்துக்கான புகையிரத சேவை நின்றுபோனது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. தாம் காத்த பாதை பற்றைக்காடாகியதைக் கண்ணாற் கண்டபடியே அப்பப்பா காலமானார். யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் வண்டி வந்த 2014 ஒக்டோபர் 13ஆம் நாளை அவர் காணவில்லை.

எமக்கு ஒரு குறை உண்டு. நாம் சிறுவராயிருந்த காலத்தில், மணியொலிக் குறிப்புகளை அவர் மேசையில் விரலால் தட்டிக் காட்டுவார். நாம் சிரித்து விளையாடினோமேயன்றி, எத்தனை தட்டு எதனைக் குறிக்கும் என்று எழுதி வைக்கவில்லை. புலம்பெயர்ந்த பின்னர் தொலைபேசியில் அவரது உடல்நலத்தை மட்டுமே விசாரித்தோம். இங்கு எழுதியவற்றுட் பல, தந்தையாரிடமும் அப்பப்பாவுடன் பணியாற்றிய முதியவர் ஒருவரிடமும் பின்னர் கேட்டறிந்தவை. விரலின் ஓசை நினைவில் இருக்கின்றது. அதன் பொருள் அவருடனேயே போய்விட்டது.

மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டிலோ தொலைபேசியின் மறுமுனையிலோ ஒரு தாத்தாவோ பாட்டியோ இருக்கக்கூடும். அவர் என்ன தொழில் செய்தார் என்று கேட்பதுடன் நின்றுவிடாதீர்கள்; அதனை எவ்வாறு செய்தார் என்றும் கேளுங்கள். அவர் சொல்லும் சொற்களை அவ்வாறே தமிழில் எழுதி வையுங்கள். இப்பள்ளியில் நீங்கள் கற்கும் எழுத்து அதற்கும் பயன்படட்டும்.