பள்ளிக்கு வரும் விருந்தாளி

ஊதியம் கருதாது கிராமத்தில் தங்கிப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் வாலிபர் ஒருவரைக் காண, வெளிநாட்டு நண்பர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊர் திரண்டுவிடும். பாடம் நின்றுவிடும். கடன் வாங்கியாவது விருந்து சமைப்பார்கள். அதிதியை உபசரிப்பது நமது பழைய தர்மம். அதை நாம் குறை கூறவில்லை. ஆயினும் விருந்தளிப்பவர் யார் என்பதை உபாத்தியாயர் முதலில் தெளிந்துகொள்ளுதல் அவசியம். உண்மையில் அவரும் அவ்வூரின் விருந்தாளியே.

இவ்விஷயத்தில் பீகாரிலுள்ள சம்பாரண் ஜில்லாவின் அனுபவம் நமக்கு வழிகாட்டும். அவுரித் தோட்ட முதலாளிகளால் வருந்திய குடியானவர்களின் குறைகளை விசாரிக்க 1917 ஏப்ரலில் காந்திஜி அங்கே சென்றார். அவரைக் காண சி. எப். ஆண்ட்ரூஸ் வந்தார். ஒப்பந்தக் கூலிகளின் நலத்தை முன்னிட்டுப் பீஜித் தீவுக்குப் புறப்படவிருந்த அவரை, அங்கேயே தங்கும்படி ராஜேந்திர பிரசாத் முதலிய வக்கீல்கள் வேண்டினர். காந்திஜி இணங்கவில்லை. ஆங்கிலேயர் ஒருவர் அருகில் இருந்தால் பலம் என்று எண்ணுவதே நமது பலவீனம். நியாயம் நம் பக்கம் இருக்கையில் நம்மையே நாம் நம்பி நிற்கவேண்டும் என்பது அவர் கருத்து. ஆண்ட்ரூஸின் அன்பை அவர் ஐயுறவில்லை. அன்பு வேறு, ஊன்றுகோல் வேறு.

அவ்வாண்டு நவம்பர் 13-ல் பர்ஹர்வா லகன்சேன் கிராமத்திலும், 20-ல் பித்திஹர்வாவிலும் காந்திஜி பள்ளிகளைத் திறந்தார். பம்பாயிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வந்த தொண்டர்கள் கற்பித்தனர். அவர்களுள் சிலருக்கு ஹிந்தி சரிவரத் தெரியாது. அவர்களுக்கு இருப்பிடமும் உணவும் அளிப்பது கிராமவாசிகளின் பொறுப்பு என்பது காந்திஜியின் ஏற்பாடு. காசு கொடுக்க இயலாத குடியானவரும் தானியம் கொடுக்கக்கூடும் அல்லவா? அதனால் பள்ளி ஊராருடையதாயிற்று. பித்திஹர்வாவில் பள்ளிக் குடிசை ஓர் இரவு தீக்கிரையாயிற்று. பள்ளி மூடப்படவில்லை, செங்கல் கட்டிடம் எழுந்தது.

இக்காலத் தொண்டருக்கும் இதுவே பாடம். வெளிநாட்டு நண்பரை ஊர்ப் பெரியவர்கள் வரவேற்கட்டும். அவர் பிள்ளைகளோடு பாயில் அமர்ந்து பாடத்தைக் கேட்கட்டும். தம் நாட்டு ஆறுகளையும் பயிர்களையும் பற்றிச் சொல்லட்டும். நம் பிள்ளைகள் தம் வயலைப் பற்றி அவருக்குச் சொல்லட்டும். வீட்டில் உள்ள கூழோ சோறோ, அதையே அவருக்கும் இடலாம்; விருந்தின் பெயரால் ஏழைக் குடும்பம் கடனாளியாகலாகாது. பெற்றோரின் சம்மதமின்றிக் குழந்தைகளைப் புகைப்படம் எடுத்தல் தகாது. அவர் ஏதேனும் உதவ விரும்பினால் அதை ஊர்ப் பொதுவில் ஒப்படைப்பதே முறை. பரிசுப் பொருளை நோக்கிப் பிள்ளைகள் கையேந்தி நிற்கும் காட்சி, பல மாதப் படிப்பு ஊட்டிய தன்மதிப்பை ஒரே நாளில் அழித்துவிடும்.

ஊர் திரும்பும் அந்நண்பர், தாம் ஏழைகளைக் கண்டதாகச் சொல்வாரா, அல்லது கற்கும் மக்களைக் கண்டதாகச் சொல்வாரா? அதைத் தீர்மானிப்பது விருந்தின் சுவையன்று. அவர் வந்த நாளிலும் பாடம் நிற்காமல் நடந்த பள்ளியேயாகும்.