எந்திர முகவரும் தமிழ் ஏடும்

எழுதுவது ஒருவர் தொழில். எழுதியதை ஏடாக்குவது மற்றொருவர் தொழில். இந்திய எழுத்தில் அச்சான முதல் நூல் எனப் போற்றப்படும் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. அந்நாள் தொட்டு நெடுங்காலம், ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கிய அச்சுக் கோப்பவரின் கைபட்டே தமிழ் நூல்கள் நம் கைக்கு வந்தன.

இன்று எழுதும் தொழிலில் ஒரு பங்கைச் செயற்கை நுண்ணறிவு ஏற்றுக்கொண்டது. அதன் புதிய வடிவமே 'முகவர்' என்பது. கேட்டதற்கு விடை சொல்வதோடு நில்லாமல், இட்ட வேலையை முடிக்க வேண்டிய கருவிகளைத் தானே அழைத்துப் பயன்படுத்தும் நிரல் அது. முகவரும் கருவியும் உரையாடுதற்கு 2024இல் ஆந்திரோபிக் நிறுவனம் ஒரு பொது நெறியையும் வெளியிட்டது. ஆயினும் முகவருக்கு இயல்பாக வருவது சொல்லடுக்குவதே, பக்கம் அமைப்பதன்று. 'ஒரு விண்ணப்பம் எழுதிப் பி.டி.எஃப். கோப்பாகத் தா' என்று நாம் சொன்னால், எழுதுவது முகவர். கோப்பாக்குவது வேறொரு கருவி. அக்கருவியே இக்காலத்து அச்சுக் கோப்பவர்.

இவ்விருவருக்கும் இடையே செல்லும் கையெழுத்துப்படிதான் குறியிட்ட உரை. அச்சகத்துக்கு அனுப்பும் படியின் ஓரத்தில் 'இது தலைப்பு', 'இது தடித்த எழுத்து' என்று குறித்தனுப்பும் வழக்கம் நாம் அறியாததா? அதே வழக்கந்தான் இங்கும். 2004இல் ஜான் குரூபர் வெளியிட்ட மார்க்டவுன் முறையில், வரியின் முன் '#' இட்டால் தலைப்பு. சொல்லின் இருபுறமும் இரண்டிரண்டு உடுக்குறி இட்டால் தடித்த எழுத்து. இதற்கும் முன்னரே, தம் நூலின் மறுபதிப்புக்கு வந்த அச்சுப்படியின் அழகின்மை கண்டு மனம் நொந்த டொனால்டு நூத் என்னும் அமெரிக்கப் பேராசிரியர், 1977இல் 'டெக்' என்னும் அச்சுக்கோப்பு நிரலை ஆக்கத் தொடங்கினார். கணித நூல்கள் இன்றும் அதன் வழியே அச்சேறுகின்றன.

நிற்க. 1993இல் அடோபி நிறுவனம் அளித்த பி.டி.எஃப். கோப்பின் உள்ளே இருப்பது என்ன? இன்ன வடிவத்தை, இன்ன இடத்தில், இன்ன அளவில் வரைக என்னும் கட்டளைகளே பெரும்பாலும் இருக்கின்றன. ஆங்கிலத்துக்கு இஃது எளிது; எழுத்துக்கள் வந்த வரிசையிலேயே தாளிலும் நிற்கும். தமிழின் இயல்பு வேறு. 'ஏலத்தோட்டம்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள 'தோ'வைக் கணிப்பொறி, முதலில் 'த', பிறகு ஓகாரக் குறி என்று ஒலி வரிசையில் சேமிக்கிறது. தாளிலோ இரட்டைக்கொம்பு முன்னும், 'த' நடுவிலும், கால் பின்னுமாக நிற்கவேண்டும். ஒலி வரிசையை வடிவ வரிசையாக மாற்றும் இவ்வேலையை அறியாத கருவி, கொம்பை இடம் மாற்றி நிறுத்திவிடும். தமிழ் எழுத்துருவே இல்லாத கருவியோ வெறுங்கட்டங்களை அடுக்கிவிடும்.

இது கண்ணுக்குத் தெரியும் பிழை. கண்ணுக்குத் தெரியாத பிழையும் ஒன்றுண்டு. பக்கம் பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் எந்த வடிவம் எந்த எழுத்துக்கு உரியது என்னும் அட்டவணை கோப்பினுள் இராது, அல்லது பிழைபட்டிருக்கும். அக்கோப்பில் 'ஏலத்தோட்டம்' என்று தேடினால் அகப்படாது. படியெடுத்தால் கொம்பும் காலும் சிதறும். பார்வையற்ற நண்பருக்குப் படித்துக்காட்டும் கருவி பொருளற்ற ஒலிகளை எழுப்பும்.

இதனால் யாருக்கு என்ன கேடு என்று கேட்பீர்கள். நான் பிறந்த சக்குபள்ளம் இடுக்கி மாவட்டத்து ஏலமலையில், குமுளிக்கு அண்மையில் இருக்கிறது. ஏலத்தோட்ட வேலையை நம்பி மலையேறிய தமிழ்க் குடும்பங்கள் அங்கே பல. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தத்தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்த வழி வகுத்துள்ளது. நாளை ஒரு தோட்டத் தொழிலாளி தம் குறையைக் கைப்பேசியில் வாயாற் சொல்ல, முகவர் அதை நல்ல தமிழில் விண்ணப்பமாக்கலாம். ஆனால் ஏடாக்கும் கருவி எழுத்தைச் சிதைத்தால், சட்டம் தந்த உரிமை கட்டங்களாகவும் சிதறிய கொம்புகளாகவும் அல்லவா அலுவலகம் போய்ச் சேரும்? எழுதப் படிக்கத் தெரியாதவர் அதைச் சரிபார்ப்பது எங்ஙனம்?

முகவரும் எப்போதும் சரிபார்ப்பதில்லை என்பதே இதில் கவலைக்குரியது. கருவி 'கோப்பு ஆயிற்று' என்று விடை கூறினால், முகவர் 'வேலை முடிந்தது' என்று நமக்குச் சொல்லிவிடக்கூடும். பக்கத்தைப் படமாக்கிப் பார்த்தாலொழிய, தான் அனுப்பிய சொல் தாளில் எவ்வாறு நிற்கிறதென்பதை அது அறியாது.

ஆகவே இத்தகைய கருவியைத் தேர்வோர் மூன்று சோதனைகள் செய்தல் நலம். முதலாவது, தமிழ் எழுத்துரு கோப்பினுள்ளேயே பொதிந்திருக்கிறதா என்று பார்த்தல். இரண்டாவது, 'ஏலத்தோட்டம்', 'சக்குபள்ளம்' போன்ற சொற்களை அச்சிட்டு, கொம்பும் காலும் இடத்தில் நிற்கின்றனவா, 'கு' ஓரெழுத்தாக இணைந்திருக்கிறதா என்று நோக்குதல். மூன்றாவது, அச்சொற்களைக் கோப்பில் தேடியும் படியெடுத்தும் பார்த்தல். உலாவிகள் வழியாகவும், 2004இல் வந்த சீடெக் போன்ற நிரல்கள் வழியாகவும் ஏடாக்கும் கருவிகள், தக்க எழுத்துரு கொடுத்தால், தமிழ் வடிவங்களைச் செம்மையாக அமைக்கின்றன. எனினும் மூன்றாம் சோதனையை எக்கருவிக்கும் விலக்கலாகாது.

நம்முள் நிரல் எழுதக் கற்போர் பலர். கருவி செய்யும் நண்பர்கள் அதன் சோதனைப் பட்டியலில் பத்துத் தமிழ்ச் சொற்களைச் சேர்த்துவிடுங்கள். ஒரு நாழிகை வேலைதான். ஏலமலையில் இருப்பவர் எழுதும் விண்ணப்பம் எழுத்துக் குலையாமல் போய்ச் சேர அது போதும்.