நலமாக இருப்பவருக்கு எதற்கு மாத்திரை?

குமரி மாவட்டத்தின் நெய்யூர், இரணியல், திங்கள்சந்தை வட்டாரத்தில் நர்சிங் படித்துவிட்டு வெளிநாடு கிளம்புகிற பிள்ளைகள் ஏராளம். ஆஸ்பத்திரி வேலை இந்த மண்ணுக்குப் பழகிப்போன ஒன்று. நெய்யூர் மிஷன் மருத்துவப் பணியை டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே தொடங்கியது 1838-இல். எவரெஸ்ட் ஏறப்போன அறுவை மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல், 1922-இல் இங்கே வந்து நோயாளிக் கூட்டத்தைப் பார்த்த பிறகு, தம் வாழ்க்கை இங்கேதான் என்று முடிவு செய்தார்.

இங்கிருந்து வெளிநாடு புறப்படும் நர்ஸுகளில் சிலரை ஒரு ரத்தப் பரிசோதனை அறிக்கை திகைக்க வைத்துவிடுகிறது. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை, நெஞ்சு எக்ஸ்ரேயிலும் குற்றமில்லை. ஆனால் காசநோய்க் கிருமிக்கான சோதனை மட்டும் ‘பாசிட்டிவ்’. அழுகை, குழப்பம், ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்ற பயம். இத்தனைக்கும் அப்படிப்பட்டவருக்கு நோயே இல்லை. அவரிடமிருந்து யாருக்கும் எதுவும் தொற்றாது. இதற்கு உறங்குநிலை காசநோய்த் தொற்று என்று பெயர். உலக மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இது உண்டு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இந்தியாவில் 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய ஆய்வில், 15 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்குச் சுமார் 31 பேரிடம் இந்தத் தொற்று தெரியவந்தது.

நுரையீரல் காசநோய் உள்ள ஒருவர் இருமும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகள் காற்றில் மிதக்கின்றன. அவற்றை மூச்சில் இழுப்பவரின் நுரையீரலின் காற்று நுண்ணறைகளில் கிருமி போய் இறங்குகிறது. அங்கே கிருமிகளை விழுங்குவதற்கென்றே இருக்கும் வெள்ளணுக்கள் இதையும் விழுங்குகின்றன. விழுங்கினாலும் செரிக்க முடிவதில்லை. சாதாரணக் குடல் கிருமி 20 நிமிடத்தில் இரண்டாகப் பெருகும். காசநோய்க் கிருமிக்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். அவசரமே இல்லாத ஜீவன் அது. சில வாரங்களில் உடல் கூடுதல் அணுக்களை அனுப்பிக் கிருமியைச் சுற்றிவளைத்து ஒரு முடிச்சாகக் கட்டிவிடுகிறது. பெரும்பாலோருக்குக் கதை அங்கேயே முடிந்துவிடும். நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு மட்டும் வாழ்நாளில் என்றாவது ஒருநாள் அந்தக் கட்டு அவிழ்ந்து நோயாகிறது. அதிலும் பாதிப்பேருக்குத் தொற்றிய முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே.

இப்படி ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் வழி நூறு ஆண்டுக்கும் பழையது. 1908-இல் பிரெஞ்சு மருத்துவர் ஷார்ல் மாண்டூ காட்டிய முறை இன்றும் நடப்பில் உள்ளது. முன்கையின் உட்புறத் தோலுக்குள் 0.1 மில்லி மருந்தை நுண்ணிய ஊசியால் ஏற்றுகிறார்கள். ஊசி சரியாக விழுந்தால் அந்த இடம் சின்னக் கொப்புளம் போல வெளுத்து எழும்பும். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் திரும்பி வரவேண்டும். பார்க்க வேண்டியது சிவப்பையல்ல, தடிப்பை. அனுபவசாலி நர்ஸ் கண்ணை நம்புவதில்லை. விரல் நுனியால் தடவிப் பார்ப்பார். அல்லது பால்பாயின்ட் பேனாவைத் தோலின் மேல் மெல்ல நகர்த்திக்கொண்டே வருவார். தடிப்பின் விளிம்பில் பேனா தட்டி நிற்கும். இரு பக்கமும் குறித்துவிட்டு, கையின் குறுக்காக ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் அளப்பார். பொதுவாக 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் பாசிட்டிவ், எச்.ஐ.வி. உள்ளவருக்கு 5 போதும்.

இதில் ஒரு சிக்கல்: குழந்தைப் பருவத்தில் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசியும் சில வேளை அந்தத் தடிப்பை உண்டாக்கும். பி.சி.ஜி. கிருமியில் இல்லாத, காசநோய்க் கிருமியில் உள்ள புரதங்களைக் கொண்டு செய்யும் ‘இக்ரா’ என்ற ரத்தப் பரிசோதனையில் அந்தக் குழப்பம் இல்லை. அதே புரதங்களை வைத்துச் செய்யும் ‘சை-டிபி’ என்ற தோல் ஊசியும் இந்தியாவில் இப்போது வந்துவிட்டது.

ஆனாலும் இவற்றில் எதுவும் கிருமியை நேரில் காட்டுவதில்லை. லாட்ஜ் பேரேட்டைப் பார்த்தால் யார் வந்தார் என்று தெரியும், இப்போதும் அறையில் இருக்கிறாரா என்று தெரியாது, அதுபோலத்தான் இவையும். உடலின் எதிர்ப்பணுக்களுக்குக் கிருமியைப் பற்றிய ஞாபகம் இருக்கிறதா என்பதை மட்டுமே சொல்கின்றன. அதனால்தான் சிகிச்சை முடித்த பிறகும் முடிவு பெரும்பாலும் பாசிட்டிவாகவே இருக்கும். மருந்து வேலை செய்ததா என்று பார்க்கத் திரும்பத் திரும்பச் சோதிப்பது வீண் செலவு.

பாசிட்டிவ் வந்த எல்லாருக்கும் மருந்து கொடுப்பதென்றால் நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கொடுக்க வேண்டிவரும். ஆகவே யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்கள் முதலில். எச்.ஐ.வி. உள்ளவர்கள், உறுப்பு மாற்றோ டயாலிசிஸோ செய்துகொள்பவர்கள், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் ஒரு பக்கம். காசநோயாளியின் வீட்டார் மறுபக்கம்.

வீட்டாரைப் பற்றி உலகத்துக்குப் பாடம் சொன்னது சென்னைதான். 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்து ஆய்வு மையம் ஒரு துணிச்சலான கேள்வியை எடுத்தது. நோயாளியைச் சானடோரியத்தில் படுக்கவைப்பதும், நெருக்கடியான வீட்டிலேயே வைத்து மருந்து கொடுப்பதும் ஒன்றா? குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 1959-இல் முடிவு வெளியானது. குடும்பத்தாரை ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்ததில், வீட்டில் சிகிச்சை நடந்ததால் அவர்களுக்கு நோய் கூடுதலாக வரவில்லை என்பதும் உறுதியானது. மருந்து தொடங்குவதற்கு முன்பே, யாருக்கும் தெரியாமல் நோயாளி இருமிக்கொண்டிருந்த மாதங்களில்தான் வீட்டாருக்கு ஆபத்து. ஒருவருக்கு நோய் என்று தெரியும் நாளில் வீட்டில் இன்னும் சிலருக்குள் கிருமி ஏற்கெனவே குடியேறியிருக்கலாம்.

அவர்களுக்கு என்ன செய்வது என்பதும் தெரிந்ததே. 1950-களின் இறுதியில் அலாஸ்காவில் ஜார்ஜ் காம்ஸ்டாக் என்ற மருத்துவர் ஐசோனியாசிட் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்து, புதிய நோயாளிகளின் எண்ணிக்கை பெருமளவு குறைவதை நிரூபித்தார். இந்தியாவின் 2021 வழிகாட்டுதலில் இரண்டு வழிகள் முக்கியமானவை. ஒன்று, ஐசோனியாசிட் தினமும் ஆறு மாதம். மற்றது, ஐசோனியாசிடும் ரிஃபாபென்டினும் சேர்ந்து வாரம் ஒருமுறை, மொத்தம் 12 வேளை. இரண்டாவதில் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட ஒன்றுமில்லை. கண் மஞ்சளானால், வாந்தி நிற்காவிட்டால், மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். இந்த மாதங்களில் மது கூடவே கூடாது.

மருந்துக்கு முன் ஒரு கட்டாயம் உண்டு: நோய் இல்லை என்பதை உறுதி செய்வது. இருமல், காய்ச்சல், எடைக் குறைவு, இரவு வியர்வை இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும். நோய் உள்ளவருக்குத் தடுப்பு மருந்தை மட்டும் கொடுத்தால் மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்த்துவிடுவோம். காசநோயாளியின் வீட்டில் உள்ள ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, நோய் இல்லையென்று தெரிந்தால் தோல் ஊசிக்கோ ரத்தச் சோதனைக்கோ காத்திருக்காமலே மருந்து தொடங்கலாம்.

மாத்திரைக்கு இணையாக நிற்பது சாப்பாடு. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ‘ரேஷன்ஸ்’ ஆய்வில், நோயாளியின் வீட்டாருக்கு அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்ததிலேயே அவர்களிடம் புதிய காசநோய் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது.

இதில் கடினமானது மருத்துவம் அல்ல. உடம்பில் ஒன்றும் இல்லாத மனிதர் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்க ஒப்புக்கொள்வதுதான். எனவே வெளிநாடு போகிற பிள்ளைக்கு அறிக்கை பாசிட்டிவ் என்று வந்தால் ஒளிக்க வேண்டியதில்லை. டாக்டரிடம் எடுத்துப் போனால் போதும். வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்தால், அவர் மருந்து தொடங்கும் அதே நாளில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்: “எங்களுக்கும் சோதனை உண்டா? தடுப்பு மருந்து உண்டா?” இரண்டும் அரசு திட்டத்தில் இலவசம். நோயாளியைக் குணப்படுத்துவதோடு நின்றால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.