சிகிச்சைக்கு வயது தடையா?

'இந்த வயதில் இவரை இவ்வளவு சிரமப்படுத்த வேண்டுமா?' முதியவர் ஒருவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று உறுதியானதும் அவருடைய குடும்பத்தார் எழுப்பும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். மருத்துவர்களில் சிலரும் இதே தயக்கத்துடன் இருப்பதை நான் கண்டிருக்கிறேன். கேள்வியில் அன்பு இருக்கிறது. ஆனால், அதற்கான விடையைப் பிறந்த ஆண்டை மட்டும் வைத்து முடிவு செய்வது சரியல்ல என்பதே என் கருத்து.

நுரையீரல் புற்றுநோய் முதுமையில் அதிகம் வரும் நோய். அமெரிக்காவில் இந்நோய் கண்டறியப்படுவோரில் ஏறத்தாழ பாதிப் பேர் 70 வயதைக் கடந்தவர்கள். ஆயினும், புற்றுநோய் மருந்துகளின் பயனை அளக்கும் ஆய்வுகளில் முதியோர் நெடுங்காலம் குறைவாகவே சேர்க்கப்பட்டனர். அந்நாட்டுப் புற்றுநோயாளிகளில் 63 சதவீதத்தினர் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள்; மருந்து ஆய்வுகளில் அவர்களின் பங்கோ 25 சதவீதம் மட்டுமே என்று 1999-இல் வெளியான ஆய்வுக் கட்டுரை சுட்டிக்காட்டியது. போதிய சான்று இல்லாததால், 'எதுவும் செய்யாமல் இருப்பதே நல்லது' என்ற எண்ணம் வேரூன்றியது.

முதியோருக்கென்றே நடத்தப்பட்ட ஆய்வுகள் அந்த எண்ணத்தை மாற்றின. நோய் முற்றிய, 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் இத்தாலியில் நடந்த ஆய்வின் முடிவு 1999-இல் வெளியானது. 'வினோரெல்பின்' மருந்து பெற்றவர்களில் 32 சதவீதத்தினர் ஓராண்டுக்குப் பிறகும் உயிருடன் இருந்தனர். துயர் தணிக்கும் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 14 சதவீதத்தினரே இருந்தனர். 2011-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு 70 முதல் 89 வயது வரையிலான 451 பேரை ஆராய்ந்தது. ஒரே மருந்துக்குப் பதிலாக இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோது, நோயாளிகளில் பாதிப் பேர் உயிர் வாழ்ந்த காலம் 6.2 மாதங்களிலிருந்து 10.3 மாதங்களாக உயர்ந்தது. அதே வேளையில், ரத்த வெள்ளணுக்கள் குறைவது போன்ற பக்கவிளைவுகளும் கூடின என்பதை மறைக்கக் கூடாது.

தொடக்க நிலை நோயிலும் இதே பாடம்தான். அறுவை சிகிச்சையைத் தாங்க இயலாத முதியோர் பலர் முன்பு சிகிச்சையின்றியே விடப்பட்டனர். கட்டியை மட்டும் துல்லியமாகக் குறிவைத்துச் சில அமர்வுகளிலேயே முடியும் கதிர்வீச்சு சிகிச்சை நெதர்லாந்தின் வடக்கு ஹாலந்துப் பகுதியில் அறிமுகமான பின், 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் சிகிச்சை பெறாதோர் விகிதம் குறைந்தது. அவர்களின் ஆயுளும் நீண்டது.

அப்படியானால் எல்லா முதியவர்க்கும் ஒரே சிகிச்சை தரலாமா? கூடாது. 75 வயதில் நாள்தோறும் வயலுக்குச் சென்று வருபவரும் உண்டு. சிறுநீரகம் தளர்ந்து, பத்து வகை மாத்திரைகளுடன் படுக்கையில் கிடப்பவரும் உண்டு. 'சிஸ்பிளாட்டின்' சிறுநீரகத்தையும் செவித்திறனையும் பாதிக்கக்கூடியது என்பதால், பல முதியோருக்கு அதற்கு மாற்றாக 'கார்போபிளாட்டின்' தரப்படுகிறது. சிகிச்சை வேறுபட வேண்டியதுதான். ஆனால், அந்த வேறுபாடு வயதால் அல்லாமல் உடல்நிலையால் அமைய வேண்டும்.

அதை அறிய முதியோருக்கான முழுமையான மதிப்பீடு உதவுகிறது. நடை, நினைவாற்றல், ஊட்டச்சத்து, மனநிலை, பிற நோய்கள், உட்கொள்ளும் மருந்துகள், வீட்டில் துணை இருக்கிறதா என்பவற்றை அது ஆராய்கிறது. பல்வகை முற்றிய புற்றுநோய்கள் கொண்ட 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 2021-இல் வெளியானது. இம்மதிப்பீட்டின் பரிந்துரைகள் மருத்துவரிடம் அளிக்கப்பட்டபோது, கடும் பக்கவிளைவுக்கு உள்ளானோர் 71 சதவீதத்திலிருந்து 51 சதவீதமாகக் குறைந்தனர். ஆயுள் குறையவில்லை.

இத்தனைக்கும் மேலாக, நோயாளியின் விருப்பம் முதன்மையானது. சிலர் கூடுதலாகச் சில மாதங்களை விரும்புவர். சிலர் வலியின்றி வீட்டில் இருக்க விரும்புவர். இரண்டுமே மதிக்கத்தக்க முடிவுகள். ஆனால், பல குடும்பங்களில் நோயின் பெயரையே முதியவரிடம் மறைத்துவிட்டு, அவருக்காக மற்றவர்கள் முடிவெடுக்கிறார்கள். 'இந்த வயதில் வேண்டுமா?' என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டியது அவரிடம்தான்.